மலையில் குளிர்தானே அடித்தது, முகம் ஏன் எரிந்தது?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறேன். பத்து வருடமாகவே சூடாக எதையாவது குடித்தாலோ, அடுப்படியில் நின்றாலோ, கோபம் வந்தாலோ கன்னமும் மூக்கும் திகுதிகுவென்று எரியும். பரு என்று நினைத்து என்னென்னவோ பூசினேன். போன நவம்பரில் சேலத்தில் ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது பரு இல்லை, ரோசேசியா என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின் 100 தினம் ஒன்று, மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் கொப்புளமெல்லாம் அடங்கிவிட்டது. ஜனவரியில் இரண்டு வாரம் காபி காயப்போடும் களத்திலேயே நின்றேன். முகம், பின்கழுத்து, புறங்கை எல்லாம் நெருப்புப் பட்டதுபோல் ஆகித் தோல் உரிந்தது. தாடைக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் வெயிலே கிடையாது டாக்டர், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன், பாதி நாள் மூட்டம். மாத்திரைதான் உடம்புக்குச் சேரவில்லை என்று நானே நிறுத்திவிட்டேன். இப்போது பழைய கொப்புளமும் திரும்பிவிட்டது. நாத்தனார் கொடுத்த க்ரீமைப் பூசினால் இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிறது, விட்டால் முன்னைவிட மோசம். சன்ஸ்கிரீன் பூசினால் எரிகிறது. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் ட்யூபில் பாதி இருக்கிறது. பிபிக்கு நாலு வருடமாக டெல்மிசார்டானோடு வேறெதுவோ சேர்ந்த மாத்திரை போடுகிறேன். காபியை விடச் சொல்கிறார்கள், எஸ்டேட்டில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா? மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாமா? வேலையை விட வேண்டுமா? இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. வலது கையில் மூன்று விரல் நகம் நுனியில் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காபி கழுவும் தண்ணீரால் இருக்குமோ?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். என் அறைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். கால் மணி நேரம் பேசி, சீட்டு எழுதி வாங்கி, நாற்காலியை விட்டு எழுந்து, கதவில் கை வைத்த பிறகு, "அப்புறம் டாக்டர், ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்பார்கள். நோய் என்னவென்று அப்போதுதான் பிடிபடும்.

வலது கையை விரித்து மேசைமேல் வையுங்கள். தூக்கியிருப்பது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், இந்த மூன்றும்தானே? கட்டை விரல் நகம் ஒழுங்காக இருக்கிறதா? இருக்கும் என்றே நினைக்கிறேன். கழுவும் தண்ணீரில் ஊறித் தூக்கியிருந்தால் கட்டை விரலும் சேர்ந்தே தூக்கியிருக்கும். தண்ணீருக்கு எல்லா விரலும் ஒன்றுதான். வெளிச்சம் அப்படி இல்லை. பேனா பிடித்து எழுதும்போது கட்டை விரல் பக்கவாட்டில் திரும்பி ஒதுங்கிக்கொள்ளும், மற்ற நகங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடது கை நோட்டைக் கீழிருந்து தாங்குகிறது, அதன் நகங்கள் நாள் முழுக்க நோட்டின் நிழலில். டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் சிலருக்கு வெளிச்சம் நகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், அடியில் இருக்கும் சதையைச் சுட்டு, நகம் அதன் படுகையை விட்டுக் கிளம்பிவிடும். கட்டை விரல் தப்பிப்பது இதன் அடையாளங்களில் ஒன்று.

தாடைக்குக் கீழே ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அதே கதைதான். அங்கே உங்கள் முகமே குடையாக நின்றிருக்கிறது. மாத்திரை உடம்புக்கே ஆகாமல் போயிருந்தால் அரிப்பும் தடிப்பும் வயிறு, தொடை என்று மூடிய இடத்திலும் வந்திருக்கும். உங்களுக்கோ வெளிச்சம் தொட்ட இடம் மட்டும் வெந்திருக்கிறது, துணி மூடிய இடம் தப்பித்திருக்கிறது. நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், நகத்தில் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியதெல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. மாத்திரையும் வெளிச்சமும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை இது.

இதில் அலர்ஜிக்கு இடமே இல்லை. மாத்திரையின் மூலக்கூறு ரத்தத்தோடு தோலுக்கு வந்து சேர்கிறது. புற ஊதாக் கதிரில் யூவிஏ என்ற வகை மேலே பட்டதும் அதை உறிஞ்சி, அந்தச் சக்தியை அக்கம்பக்கத்துச் செல்கள் மேல் கொட்டுகிறது. இருட்டில் அந்த மாத்திரை பரம சாது. மாத்திரை இல்லாத நாளில் அதே வெளிச்சம் உங்களைக் கொஞ்சம் கறுக்க வைத்திருக்கும், தோல் உரியும் அளவுக்குப் போயிருக்காது. கூடவே ரோசேசியாக்காரர்களின் முகத்தில் ரத்தக் குழாய்கள் எதற்கெடுத்தாலும் விரிந்துகொள்ளும், அவற்றைத் தூண்டும் முதல் எதிரியும் வெயில்தான். மாநிறத்தில் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது, கன்னம் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மங்கித் தெரியும். எரிச்சல்தான் அதிகமாகத் தெரியும். பத்து வருடம் பரு என்று பெயர் வாங்கியதற்கு அதுவே காரணம்.

இனி, குளிர்தானே அடித்தது என்ற உங்கள் கேள்வி.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் சூடு எட்டு டிகிரி போல இறங்கிவிடுகிறது. புற ஊதாக் கதிர் எதிர்த் திசையில் போகிறது. ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில், மேலே அது பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடவே ஏறியிருக்கும். கீழே சேலம் ஐந்து ரோட்டில் நின்றால் ஐந்தாவது நிமிடம் உடம்பே நம்மை நிழலுக்குத் தள்ளும். மேலே அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. தோலைச் சுடும் கதிருக்குத் தனியாகச் சூடு கிடையாது, அது விழுவது நமக்குத் தெரியாது. ஸ்வெட்டர் உங்களை ஏமாற்றிவிட்டது.

மூட்டமும் அப்படித்தான். மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை அதன் வழியே இறங்கிவிடும். பக்கோடா பாயிண்டில் நின்றால் பள்ளத்தாக்கே தெரியாத அளவுக்குக் கவிகிற கனத்த மூட்டம் வேறு. பத்து மணிக்குப் பால் போல வெளுத்து, கண்ணைக் கூச வைக்கும் மூட்டம் வேறு. கண் கூசுகிறதென்றால் கதிர் வருகிறதென்று அர்த்தம்.

தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் சூரியன் உக்கிரமாக இருக்கும் நேரம். நம் வட்டாரத்தில் ஜனவரியில் காலை பத்தேகாலிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை, ஏப்ரலில் ஒன்பதேகாலிலிருந்து மூன்றேகால் வரை. ஆனால் மாத்திரையைத் தூண்டும் யூவிஏ, சூரியன் சாய்ந்த பிறகும் கணிசமாக இருக்கும். ஆகவே நிழல் நீண்டுவிட்டது என்று தொப்பியைக் கழற்றிவிட வேண்டாம்.

நான் சூடு பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எனக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. அதற்கும் இதே டாக்ஸிசைக்ளின்தான், தினம் இரண்டு. காய்ச்சல் விட்ட நாலாம் நாள் ஒரு கூட்டத்துக்காகக் காலையில் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, வெயிலே படாமல் சொகுசாகப் போவதாக எண்ணம். சேலத்திலிருந்து வடகிழக்கே போகும்போது காலை வெயில் முழுக்க ஓட்டுகிறவரின் வலப்பக்கம் விழும். இரவு குளிக்கப் போனபோது வலது முன்கை மட்டும் வேகவைத்த இறால் நிறம். சாதாரணக் கதவுக் கண்ணாடி புற ஊதாக் கதிரின் இன்னொரு வகையான யூவிபியைத் தடுக்கும், யூவிஏவைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். நோயாளிகளுக்கு நான் தினமும் சொல்கிற பாடம்! அதனால் மாத்திரை போடும் நாட்களில் பஸ்ஸில் வெயில் படும் பக்கத்து ஜன்னலோர சீட்டை யாருக்காவது விட்டுக்கொடுங்கள்.

அடுத்து உங்கள் பிபி மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். டெல்மிசார்டானுக்குப் பக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று இருந்தால், அதுவும் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கிற மருந்துதான். நாலு வருடம் ஒன்றும் செய்யவில்லையே என்பீர்கள். தனியாக இருந்தவரை அடங்கிக் கிடந்திருக்கலாம், டாக்ஸிசைக்ளின் வந்ததும் இரண்டு கை சேர்ந்திருக்கலாம். பயந்துபோய் அதையும் நிறுத்திவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், தோலுக்காக பிபி மாத்திரையை நிறுத்திப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுக்கொள்ளக் கூடாது. அட்டையை பிபி பார்க்கும் டாக்டரிடம் காட்டி, "வெயிலில் தோல் வெந்துவிட்டது, இதற்குப் பதில் வேறு தர முடியுமா" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டம்மா போடும் அம்லோடிபினை வாங்கிப் போட்டுவிடவும் வேண்டாம். அது ரத்தக் குழாயை விரிப்பது, சிலருக்கு முகத்தைக் குப்பென்று சிவக்க வைக்கும். உங்கள் முகத்துக்கு அது வேறொரு தலைவலி.

வலி மாத்திரைகளில் நாப்ராக்ஸன், பைராக்சிகாம், மூட்டு வலிக்குத் தேய்க்கும் கீட்டோப்ரோஃபென் ஜெல், சில வகை ஆன்டிபயாடிக், கால் வீக்கத்துக்குத் தரும் ஃப்யூரோசமைடு, இதய டாக்டர் எழுதும் அமியோடரோன் என்று இந்தப் பட்டியல் நீளும். யாரிடம் எதற்குப் போனாலும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்று சொன்னால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். குளியல் பொடி போடுகிறீர்களா? பொடி அரைக்கக் கொடுக்கும்போது பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு கார்போக அரிசியும் சேர்ப்பது நம் வழக்கம். அந்த விதையில் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்காரர்களுக்கு அதே சொராலெனைக் கொடுத்து, அளந்த நிமிடக் கணக்கில் வெயிலில் நிற்க வைப்பது எங்கள் பழைய வைத்தியம், வெயிலைத் தோலுக்குள் இழுப்பதற்காகவே அது. நிமிடம் கூடினால் கொப்புளம் கிளம்பும். இப்படிப்பட்ட விதையை முகத்தில் பூசிக் கழுவிவிட்டுக் களத்துக்குப் போனால் என்ன ஆகும்? கார்போக அரிசி இல்லாத பொடியானாலும் இப்போதைக்கு உடம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம். தோல் கறுத்துவிட்டது என்று எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பதும் வேண்டாம், அதிலும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது.

நாத்தனார் க்ரீமுக்கு வருகிறேன். இரண்டு நாளில் பளிச், விட்டால் முன்னைவிட மோசம் என்ற ஒரு வாக்கியம் போதும், ட்யூபைப் பார்க்காமலே அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பீட்டாமெதசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று அதில் இருக்கும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. பெண்களும் அதை ஊறுகாய் போல வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தோலை மெலிய வைத்து, குழாய்களை விரித்து, ரோசேசியாவே இல்லாதவருக்கும் ரோசேசியாவை உண்டாக்கும் சாமான் அது. உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதில் எண்ணெய் ஊற்றுகிறது. நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் சில வாரம் முகம் கொந்தளிக்கும், அதனால் நாள்கணக்காகப் பூசியிருந்தால் டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். அந்தக் கொந்தளிப்பைப் பார்த்து மிரண்டு ட்யூபை மறுபடி எடுப்பவர்கள்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். எவ்வளவு நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாமா? அது வேலை செய்தது, கொப்புளம் அடங்கியதை நீங்களே பார்த்தீர்கள். நல்ல மருந்தை அநாவசியமாகத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. ஆனால் தோலும் நகமும் வெந்த கதையைச் சொல்லாமல் பழைய சீட்டை நீட்டி வாங்கிப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். டாக்ஸிசைக்ளினின் வெளிச்சக் கூச்சம் அளவைப் பொறுத்தது. ரோசேசியாவுக்குக் கிருமியைக் கொல்லும் அளவு தேவையில்லை, அழற்சியை அடக்கும் சிறிய அளவே போதும். 20 மில்லிகிராம் இருவேளை, அல்லது மெதுவாகக் கரையும் 40 மில்லிகிராம் ஒருவேளை என்று கொடுப்பது உண்டு. கூச்சம் அதில் குறைவு. களம் ஓடும் மாதங்களில் ஐவர்மெக்டின், மெட்ரோனிடசோல், அசிலெயிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகளோடு ஓட்டிவிட்டு, வேலை நிழலுக்குள் வந்த பிறகு மாத்திரைக்குப் போகலாமா என்றும் அவரோடு பேசுங்கள்.

"ராத்திரி போட்டால் காலைக்குள் போய்விடும், வெயில் ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொல்வார்கள். ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டது மறுநாள் நீங்கள் களத்தில் நிற்கும் நேரம் முழுக்கத் தோலில் இருக்கும். நிறுத்திய பிறகும் ஒரு வாரமாவது ஜாக்கிரதையாக இருங்கள். இன்னொரு விஷயம், இதை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் தொண்டைக்குக் கீழே குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை போடுவதாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இப்போது வெயிலை மறைக்கும் வழி. சன்ஸ்கிரீனைக் கடைசியில்தான் சொல்வேன். விளம்பரம் பார்த்து எல்லோரும் அதிலிருந்து தொடங்குகிறார்கள், பாதிக் காசு அங்கேயே வீணாகிறது. முதலில் நேரம், அடுத்து துணி, மிச்சம் இருக்கும் தோலுக்குத்தான் க்ரீம்.

எஸ்டேட்டில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. காபிச் செடி சில்வர் ஓக் நிழலில் வளர்கிறது, அங்கே கணக்கெடுக்க நடப்பது பெரிய ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் களத்தில். மேலே திறந்த வானம், கீழே சிமெண்ட் தளம் திருப்பியடிக்கும் வெளிச்சம், எந்த மணி உச்சமோ அந்த மணிக்குத்தான் காபியையும் துழாவிவிட வேண்டும். துழாவுவதை நிறுத்த முடியாது, ஆனால் ரைட்டர் களத்தின் நடுவில் நின்றுதான் எழுத வேண்டும் என்று சட்டமா? எடை போடும் இடத்தை ஓர் ஓரமாகக் கொண்டுபோய், நர்சரியில் நாற்றுக்குக் கட்டும் பச்சை வலையை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கூரை கட்டச் சொல்லுங்கள். ஒற்றை மடிப்பு பாதியைக் கீழே விட்டுவிடும். பத்தரையிலிருந்து இரண்டரை வரை களத்தில் நிற்கும் பொறுப்பை மேஸ்திரிக்கு மாற்றிக்கொண்டு, அவருடைய காலைக் கணக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். மேனேஜர் கேட்டால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். வேலையை விடுகிற அளவுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

துணியைச் சோதிக்கத் தறிக்காரர் செய்வதுபோலச் செய்யுங்கள், ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விளக்கு தெளிவாகத் தெரிந்தால் கதிரும் வரும். நைந்த வெள்ளைப் பருத்தி ஏமாற்றிவிடும், நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த அடர் நிறத் துணியில் முழுக்கைச் சட்டை ஒன்று புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள், களத்துப் பெண்கள் ஏற்கெனவே அப்படித்தானே போடுகிறார்கள். தொப்பி என்றால் சுற்றிலும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத விளிம்பு வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பின்கழுத்தையும் அம்போவென்று விட்டுவிடும். நடந்து போகும்போது கறுப்புக் குடை, அது புற ஊதாக் கதிரில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும். மழைக்கு வாங்கியதே போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சேலத்தில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் துப்பட்டாவைக் கண் மட்டும் தெரிய இறுக்கிச் சுற்றிக்கொள்கிறார்களே, அது உங்களுக்கு ஆகாது. உள்ளே வெக்கை கட்டி, வெயில் படாமலே முகம் பற்றிக்கொள்ளும். மலையில் ஜனவரிக்குச் சரி, ஏப்ரலில் சேலம் இறங்கும்போது தளர்வாகப் போடுங்கள்.

இப்போது க்ரீம். நீங்கள் வாங்கியது எரிந்ததில் ஆச்சரியமில்லை. வாசனையும் ஆல்கஹாலும் சில ரசாயன வடிகட்டிகளும் ரோசேசியா முகத்தில் மிளகாய் போலப் பேசும். அட்டையில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்று இருப்பதைக் கேளுங்கள். இவை தோலின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்பவை, எரிச்சல் குறைவு. குறை ஒன்றுதான், மாநிறத்தில் திருநீறு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அதற்காகவே இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வருபவை இருக்கின்றன. அந்த நிறம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், கன்னத்தில் கறுத்த தழும்பு நிற்பவர்களுக்கு அது லாபம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் பாருங்கள். ஆனால் அந்த எண் பெரும்பாலும் யூவிபியைச் சொல்வது. உங்கள் பிரச்சினை யூவிஏ, அதற்குப் பக்கத்தில் பிஏ என்று போட்டு எத்தனை கூட்டல் குறி இருக்கிறதென்று எண்ணுங்கள். நாலு இருந்தால் நல்லது, மூன்றுக்குக் குறைந்தால் வேண்டாம். முதலில் மூன்று இரவு காதோரத் தாடையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். முகம் கழுவியதும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஐந்து நிமிடம் கழித்து இது.

அளவுதான் பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனி வரை கோடு இழுத்தால் எவ்வளவோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும். கிட்டத்தட்ட 1.2 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும் என்பது விதி. களத்து வேலையில் இரண்டு முறையாவது என்று வைத்துக்கொண்டாலும் 50 கிராம் ட்யூப் மூன்று வாரத்தில் காலி. உங்களுக்கு ஐந்து மாதத்தில் பாதிதான் போயிருக்கிறது. நீங்கள் பூசியது பொட்டு! மாதம் இரண்டு ட்யூப் வாங்கும் சம்பளம் எல்லோருக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தொப்பியை முதலில் சொன்னேன். தொப்பி மூன்று வருடம் வரும்.

காபியை விட வேண்டாம். முகத்தைச் சிவக்க வைப்பது காபியா, சூடா என்று 1981இல் ஒரு பரிசோதனை நடந்தது. 60 டிகிரி சூட்டில் கொடுத்த காபியும் சிவக்க வைத்தது, அதே சூட்டில் வெறும் வெந்நீரும் சிவக்க வைத்தது. ஆறிய காபியும் தனிக் கஃபீனும் ஒன்றும் செய்யவில்லை. 2018இல் 82,000க்கு மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களை வைத்து வந்த ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேசியா வந்தது குறைவாகவே இருந்தது. ஆகவே இரண்டு ஆற்று கூடுதலாக ஆற்றிக் குடியுங்கள். விறகடுப்பின் முன் முகத்தை நீட்டி ஊதுவது காபியைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை சேலம் இறங்கித் தட்டுவடை செட் சாப்பிடுவதாக இருந்தால் கார சட்னியைக் குறைக்கச் சொல்லுங்கள். அடியோடு வேண்டாம் என்று சொல்ல சேலத்துக்காரியான எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் செய்தும் முகம் அடங்காவிட்டால், அல்லது மூட்டு வலி, வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்வு, விட்டு விட்டுக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால், லூபஸ் என்ற நோயா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அதுவும் வெயிலில்தான் முகத்தில் கிளம்பும், ரோசேசியா போலவே வேஷம் போடும். கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல், இமை ஓரம் சிவப்பு இருந்தால் கண் டாக்டரிடமும் காட்டுங்கள், ரோசேசியா கண்ணுக்கும் போகும். மறுபடி எப்போதாவது முகம் வெந்துவிட்டால் உடனே வீட்டுக்குள் வந்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பத்து நிமிடம் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். கொப்புளம் பெரிதாகக் கிளம்பினாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மலையிறங்கிவிடுங்கள்.

நகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தூக்கிய பகுதியை ஒட்ட வெட்டி, ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். குச்சி விட்டு அடியில் சுரண்ட வேண்டாம். கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் போலத்தான் வளரும், ஆறு மாதத்தில் புது நகம் முழுசாக வந்துவிடும். மறுபடி டாக்ஸிசைக்ளின் தொடங்குவதாக இருந்தால் நல்ல நகங்களுக்கு அடர் நிறத்தில் நெயில் பாலிஷ் பூசிக்கொள்ளுங்கள், வெளிச்சம் உள்ளே போகாது. மெரூன், கருநீலம், எது பிடிக்கிறதோ அது. களத்தில் யாராவது கேலி செய்தால் வைத்தியம் என்று சொல்லுங்கள்.